தவளைத் தொண்டை

கோணவட்டம். இரவு பதினொன்றேகால்.
பெங்களூர் போகும் ஸ்லீப்பர் பஸ்
இடது பின்பக்கம் உட்கார்ந்தபடி
என் பட்டறைக்குள் நொண்டி வந்தது.
ஆள் ஏற்ற அரைமணி நிறுத்தினாராம், எஞ்சினை அணைத்து.
அதற்குள் இப்படி.

முனிரத்தினம் இறங்கி டயரை உதைத்தார்.
டயர் என்ன செய்யும், அது கல்லாட்டம் இருக்கிறது.
"பலூன் பூட்ச்சி நியமத்து. புதுசு மாட்டு.
ஓனரு பணம் போட்டுட்டாரு."

பலூன் போச்சு என்று யார் சொன்னாலும்
நான் சோப்புத் தண்ணீரைத்தான் கேட்பேன்.

அதற்கு முன்னால் ஸ்டாண்டு, ரெண்டு பக்கமும்.
மேலே மரக்கட்டை. தோளால் ஒரு முட்டு.
அப்புறம்தான் முதுகு தரையில்.
இத்தனை டன்னும் ரப்பர் பைக்குள் இருக்கிற
காற்றின் மேல் நிற்கிறது.
காற்றுக்கு எப்போது மனசு மாறும், எனக்குத் தெரியாது.
தெரிந்ததாக நினைத்த ஒருவரை
வாலாஜாவில் புதைத்துவிட்டு வந்தோம்.

அடியில் படுத்தால் விஷயம் எளிது.
அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு வால்வு,
அதற்கு ஒற்றைக் கை.
ஆள் ஏறினால் உடம்பு தாழும், கை உயரும், காற்று உள்ளே.
ஆள் இறங்கினால் உடம்பு எழும், கை தாழும்,
உஸ்ஸென்று வெளியே.
நாளெல்லாம் அதற்கு ஒரே கேள்வி:
இப்போது எவ்வளவு கனம்?

ஒருவர் இறங்கி வந்தார், கையில் எக்ஸ்ரே பை.
கல்கத்தாக்காரர். என் உருதும் அவர் இந்தியும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
மேல் படுக்கை கிடைத்ததாம், கீழே மாற்றிக் கொடுத்தார்களாம்.
மனைவிக்கு வயிற்றில் தையல்,
ஒன்பது நாள்.
"ரொம்ப ஆடுமா?"

பதில் சொல்லவில்லை. எஞ்சினை ஓடவிட்டு
டாங்கி நிறைந்ததும் அணைக்கச் சொன்னேன்.
ஒரு ரூபாய் ஷாம்பு, அரை பக்கெட் தண்ணீர், பெயிண்ட் பிரஷ்.
பலூன் மடிப்பில் மண்ணைக் கழுவினேன்
(டீசல் தொட்டால் ரப்பர் ஊதிச் சாகும், தொடாதே).
நுரை சும்மா வழிந்தது. வெடிப்பு இல்லை.
வால்வு, சும்மா.
வால்விலிருந்து பலூனுக்குப் போகும் டியூப், அதன் முனையில்

ஒரு குமிழி.
தவளைத் தொண்டை மாதிரி
உப்பி, உடைந்து, உப்பி.

"இங்கே பாருங்க."
முனிரத்தினம் குனிந்தார். எக்ஸ்ரே பையும் குனிந்தது.

கனெக்டர் நூற்றெண்பது ரூபாய்.
ஆனால் இது எத்தனை வாரமாய் ஊதுகிறதோ,
கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடிக் காய்ந்து
காற்றோடு எண்ணெயையும் துப்பியிருக்கிறது.
டாங்கிக்கு அடியில் வளையத்தை இழுத்தேன்:
பால் கெட்ட டீ, ஒரு செம்பு.

"டிரையர் எப்போ மாத்தினது?"
முனிரத்தினம் ஹைவேயில் போகும் லாரியை எண்ணினார்.
"வளையம் தினமும் இழுக்கிறீங்களா?"
இன்னொரு லாரி.
பிறகு மெதுவாக,
"பலூன்னே பில்லு எழுதிடேன். ஓனரான்ட சொல்லிட்டேன்பா."

பில்லில் எழுதியது:
கனெக்டர் ஒன்று. டிரையர் குப்பி ஒன்று. கூலி.
மீதிப் பணம் திருப்பி அனுப்பப்பட்டது.
ஷாம்பு என் கணக்கு.
அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
டீ கூட குடிக்கவில்லை.

எஞ்சின் உறுமியது. முதலில் பிரேக்குக்கு,
அது நிறைந்த பிறகுதான் பலூனுக்கு.
அந்த வரிசை எனக்குப் பிடிக்கும்.
இடது பக்கம் விரல் விரலாக எழுந்தது.
கல்கத்தாக்காரர் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து
ஜுரம் பார்ப்பதுபோல் நின்றார்.
அந்த அம்மாள் விழிக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு போன். முனிரத்தினம்.
கோபமா என்று புரியாத குரல்.
"இழுத்தேன்.
பத்து எண்ணினேன்.
வெறும் காத்துதான் வந்துச்சு."
வைத்துவிட்டார்.